மத்மோசேல் துர்மெல் கிழவி வேஷம் போடமாட்டார்

“நான் கிழவி வேஷம் போட்டுக்கிட்டு இந்த மேடையில வந்து நிக்கிற நாள்ல, ஸெய்ன் ஆறு கடலை விட்டுட்டுத் திரும்பிப் பாரிஸைப் பார்த்து ஓடும்.”

1845ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மாலை, ரூவான் நகர இசை நாடகக் கொட்டகையின் மேடை விளிம்பில் நின்று, இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, ஒக்தாவி துர்மெல் என்ற இருபத்து மூன்று வயதுப் பாடகி இப்படி அறிவித்தார். காரணம் இல்லாமல் இல்லை. அவர் இரண்டாவது பாட்டை முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், கீழ்க்கூடத்திலிருந்து ஒரு வாலிபக் குரல், “தொண்டை சின்னது, மூக்கு பெரிசு. கிழவி வேஷத்துக்குத்தான் ஆகும்” என்று தன் கருத்தைச் சபைக்குச் சமர்ப்பித்திருந்தது. குரலுக்குச் சொந்தக்காரர் பருத்தித் துணி வியாபாரி லெமாஷுவாவின் மூத்த மகன். அப்போது அவருக்கு மீசை முளைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் கலையைப் பற்றிய முடிவுகள் எல்லாம் முளைத்து முடிந்திருந்தன.

சபதம் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் பூகோளம் தெரிந்திருக்க வேண்டும். ஒக்தாவி பாரிஸில் குடை பழுது பார்க்கிறவருடைய மகள். ஆற்றங்கரைச் சந்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ஸெய்ன் ஆறு நல்ல குடும்பத்துப் பெண்போல ஒரே திசையில் போகும், வழியில் யாரையும் திரும்பிப் பார்க்காது. ரூவானில் அதே ஆற்றுக்கு வேறு பழக்கம். கடல் ஏறும்போது ஆறு தோற்றுப்போய், தினம் இரண்டு தடவை, வந்த வழியே பாரிஸைப் பார்த்து ஓடும். கப்பல்கள் அந்த ஏற்றத்தில் ஏறித்தான் ஊருக்குள் வரும். இது இந்த ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

கொட்டகை, மூக்குப்பொடி எடுத்த கையோடு மேடையைப் பார்த்தது. பிறகு மேல் மாடத்தில் ஈர மேலங்கியோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆள் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். கேலியே இல்லாத குரலில் தகவல் சொன்னார்:

“மத்மோசேல், ஆறு ஏற்கெனவே திரும்பிடுச்சு. ஆறரை மணிக்கு. நான் அதுலதான் வந்து இறங்கினேன்.”

அதற்குப் பிறகு நடந்த சிரிப்பு ஆறு நிமிஷம் நீடித்ததாக வாத்தியக் குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். அந்தச் சிரிப்புதான் ஒக்தாவியைக் காப்பாற்றியது. எப்படி என்றால், அன்று அவருக்கு மூன்றாம் அறிமுகம்.

ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் குழுவுக்குப் புதுப் பாடகர்கள் வந்து இறங்கியதும், அவர்கள் ஒவ்வொருவரும் மூன்று மாலைகள் ஊர் முன்னால் நிற்க வேண்டும். மூன்றாம் மாலை முடிந்ததும் போலீஸ் கமிஷனர் தம்முடைய மாடத்தில் எழுந்து நின்று, இன்னாரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று கேட்பார். வேண்டும் என்கிறவர்கள் கை தட்டுவார்கள். வேண்டாம் என்கிறவர்கள் விசில் அடிப்பார்கள். விசில் அடிக்க வாய் போதாது என்பது ரூவான் ரசிகர்களின் அபிப்பிராயம். வீட்டுச் சாவியைக் கொண்டுவருவார்கள். குழல் வைத்த பெரிய இரும்புச் சாவி, ஓட்டையை உதட்டில் பொருத்தி ஊதினால் மேல் மாடத்தில் இருக்கும் சரவிளக்கு சிணுங்கும். மூன்றாம் அறிமுக நாட்களில் ஊரில் பாதிப் பெண்டாட்டிகள் தங்கள் வீட்டு வாசலிலேயே, புருஷன் சாவியோடு திரும்பி வரும்வரை, நின்று குளிரில் கலைக்குத் தொண்டு செய்தார்கள்.

அன்று கமிஷனர் எழுந்து கேட்டபோது, சிரித்து ஓய்ந்தவர்களுக்கு ஊத மூச்சில்லை. கை தட்டுவதற்கு மட்டும் தெம்பு இருந்தது. ஒக்தாவி ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

கொட்டகையின் பின்வாசலில் அந்த ஈர மேலங்கி காத்துக்கொண்டிருந்தது. இசிதோர் காவ்லியே, வயது முப்பது, கடலிலிருந்து ரூவான் வரை கப்பல்களுக்கு ஆற்றில் வழிகாட்டி நடத்தி வருகிற தொழில்.

“உங்களை நாலு பேர் முன்னாடி திருத்தணும்னு இல்ல, மத்மோசேல்,” என்றார், தொப்பியை வட்டமாகச் சுற்றிக்கொண்டே. “ஆத்துக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதேன்னுதான் எழுந்தேன்.”

“ஆத்துக்கு நீங்க வக்கீலா?”

“அதை வெச்சுத்தானே சாப்பிடறேன்.”

“அடுத்து எப்போ திரும்பும்?”

“காலைல ஏழு மணிக்கு.”

“வர்றேன். கண்ணால பார்க்காம நான் எதையும் நம்பறதில்ல.”

காலை ஏழு மணி என்று ஒன்று இருப்பதே ஒக்தாவிக்கு அதுவரை கேள்வி ஞானம்தான். ஆனாலும் போனார். துறைமேடையில் இருவரும் நின்றார்கள். தண்ணீர் கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாததுபோலத் தயங்கியது. பிறகு எங்கிருந்தோ கீழே போய்க்கொண்டிருந்த ஒரு முட்டைக்கோஸ் இலை நின்றது, யோசித்தது, திரும்பி மேலே போக ஆரம்பித்தது. ஒக்தாவி அந்த இலையைக் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார். “சரி. ஆனா நான் சொன்னது சொன்னதுதான்,” என்றார். அடுத்த வசந்தத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. விளம்பரத் தாள்களில் மட்டும் அவர் கடைசிவரை கல்யாணமாகாத மத்மோசேல் துர்மெல்தான். மதாம் காவ்லியே என்று போட்டால் ஜன்னல் வழியாகக் காதலனோடு இறங்கிப் போகிற காட்சியில் ஊரின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம்.

ஜன்னல் வழியாக இறங்குவதுதான் அவருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருஷங்களில் அவர் நானூறு தடவை அனாதையாகவும், முந்நூறு தடவை வாத்து மேய்ப்பவளாகவும் இருந்தார். மடத்திலிருந்து தப்பித்த தடவைகளுக்குக் கணக்கில்லை. அவரோடு சேர்ந்து ஓடிப்போன இளம் பாடகர்களில் சிலருக்கு இப்போது பேரக்குழந்தைகள். ஒக்தாவிக்கு மட்டும் மேடையில் பதினாறு முடிந்து பதினேழு பிறக்கவே இல்லை. உண்மையான வயது ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்: பாடகர்களின் அடையாளச் சீட்டுகளைப் பூட்டி வைத்திருக்கிற போலீஸ் கமிஷனருக்கு. அவர் அதை ராணுவ ரகசியம்போலக் காத்தார். அவர் மனைவி கேட்டபோதுகூட, “அதைச் சொன்னா கலவரம் வரும், மேரி” என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு அந்தச் சபதம் மறக்கவில்லை. துறைமேடையில் ஒக்தாவி காய்கறிக் கூடையோடு நடந்தால், ஏற்றம் வரும் நேரமாகப் பார்த்துப் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள்.

“மத்மோசேல், ஆறு திரும்பிடுச்சு. வேஷம் எப்போ?”

“ஆத்துக்கு என்ன அவசரமோ. நான் நிதானமான ஆள்.”

“எங்க அப்பா காலத்திலேயும் இதே பதில்தான் சொன்னீங்களாம்.”

“உங்க அப்பா இதைவிட மரியாதையாக் கேட்டார்.”

இத்தனைக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. அது விளம்பரத் தாளைப் படிப்பதில்லை. நாற்பது தாண்டியதும் ஒக்தாவியின் வலது முழங்கால், சபையை மண்டியிட்டு வணங்கும்போது, உலர்ந்த சுள்ளியை ஒடித்ததுபோல ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டாம் வரிசைவரை கேட்கும். ஒக்தாவி முரசுக்காரர் அமேதேயைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அன்றிலிருந்து அவர் மண்டியிடும் அதே நொடியில் அமேதே முரசில் ஒரு தட்டு தட்டுவார். மாதம் ஒரு பொட்டலம் புகையிலை. ஊர்ப் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுகிறவர், “நாயகி வணங்கும் தருணத்தில் முரசு ஒற்றை ஒலியாக விழுவது இசையமைப்பாளரின் மிக நுட்பமான உள்ளுணர்வு” என்று எழுதினார். இசையமைப்பாளர் செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்ததால் மறுப்பு வரவில்லை.

1867இல் வம்பு வந்தது. ஃபோவெல் என்ற புதிய நாடக முதலாளி கொட்டகையை எடுத்தார். புதுக் குழு என்பதால், பழையவர்களும் மூன்று அறிமுகம் நின்றாக வேண்டும் என்று லெமாஷுவா சட்டம் பேசினார். மீசை முளைத்திருந்த அந்த வாலிபர் இப்போது நாற்பது வயதுக் கனவான். கீழ்க்கூடத்து விசில்காரர்களுக்குத் தலைவர். வீட்டுச் சாவியெல்லாம் சின்னது என்று கிடங்குச் சாவியையே கொண்டுவருகிற தகுதிக்கு உயர்ந்திருந்தார்.

எடுத்துக்கொண்ட நாடகம் ‘பண்ணை வீட்டுச் சாவிகள்’. பதினைந்து வருஷமாக ஊருக்குப் பழகியது. பண்ணைப் பெண்ணாக ஒக்தாவி. முதல் மாலை சுமாராகக் கடந்தது. இரண்டாம் மாலையில், ஓடையைக் கடக்கும் காட்சியில், காதலன் அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காதலன் துலூஸிலிருந்து வந்த இருபத்து நாலு வயது இளைஞர். குரல் தேன். உடம்பு குடைக் கம்பி. நார்மண்டி வெண்ணெயில் இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்த ஒரு பெண்மணி எவ்வளவு கனம் இருப்பார் என்பது துலூஸில் யாரும் அவருக்குச் சொல்லித் தராத பாடம். தூக்கினார். இரண்டு அடி வைத்தார். முகம் பீட்ரூட் ஆனது. அட்டை ஓடையின் நடுவே ஒக்தாவியை மெல்ல இறக்கிவிட்டு, காதல் வசனத்துக்குப் பதிலாக, “மன்னிச்சுக்கங்க, மதாம்” என்றார்.

வாத்தியங்கள் காதலுக்கு வாசித்துக்கொண்டே இருந்தன. ஒக்தாவி ஒரு கணம் யோசித்தார். பிறகு குனிந்து, காதலனை முழங்காலுக்குப் பின்னால் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுத்து அலாக்காகத் தூக்கி, ஓடையைத் தாண்டி அந்தக் கரையில் வைத்தார்.

மேல் மாடம் கை தட்டியது. கீழ்க்கூடம் சாவிகளை எடுத்தது. தட்டும் விசிலும் கயிறிழுக்கும் போட்டி மாதிரி நெடுநேரம் நின்றன. கமிஷனர் காதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரிக்குச் சரி. மூன்றாம் மாலையில் முடிவாகும்” என்று அறிவித்தார்.

முடிவு என்ன என்பது ஒக்தாவிக்குத் தெரியும். வேண்டாம் என்று ஊதிவிட்டால் அந்தப் பருவம் முழுக்க இந்த மேடையில் ஏற முடியாது. வேறு ஊருக்குப் போக வேண்டும். போகலாம், பெட்டி இருக்கிறது. ஆனால் இசிதோர் வர முடியாது. ஆற்றில் எந்த மணல்மேடு எங்கே என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஆற்றை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு இன்னோர் ஊரில் போய் விரிக்க வழியில்லை.

திங்கட்கிழமை ஃபோவெல் வீட்டுக்கே வந்தார். ஒக்தாவி அடுப்படியில் மாட்டுக்குடலைக் காரட்டோடும் ஆப்பிள் கள்ளோடும் வேகவைத்துக் கிண்டிக்கொண்டிருந்தார். இசிதோர் ஜன்னலோரம் புகைபிடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு இடி விழுந்திருக்கு, மத்மோசேல். மதாம் பொந்தூ ஓடிட்டாங்க.”

மதாம் பொந்தூ அந்தக் குழுவில் கிழவி வேஷம் போடுகிறவர். வயது ஐம்பத்தெட்டு.

“ஓடிட்டாங்களா? எங்கே?”

“லு ஆவ்ர் துறைமுகத்துக்கு. ஒரு காப்பி வியாபாரியோட.”

ஒக்தாவி கரண்டியை நிறுத்தினார். மேடையில் இத்தனை வருஷம் தாம் ஓடியும், நிஜத்தில் ஓடிப்போனது கிழவி என்பதில் ஏதோ அநியாயம் இருப்பதாகப் பட்டது.

“அதனால,” என்றார் ஃபோவெல், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “நான் என்ன நினைக்கிறேன்னா, வீட்டைப் பார்த்துக்கிற கிழவி வேஷம் காலியா இருக்கு. பண்ணைப் பொண்ணைக் கூட்டப் பாட்டுல பாடற ஸிதோனிகிட்ட குடுத்துடலாம். அவ துலூஸ்காரன் கைக்கு அடக்கமா இருப்பா. நீங்க பெரிய மனசு பண்ணி...”

“முசியே ஃபோவெல். நான் 1845லேயே இதுக்குப் பதில் சொல்லிட்டேன்.”

“கேள்விப்பட்டேன். ஆறு தினம் ரெண்டு தடவை திரும்புதே.”

“அது அதோட குணம். எனக்கு அந்த மாதிரிக் குணம் கிடையாது.”

ஃபோவெல் பெருமூச்சு விட்டு எழுந்தார். “சரி. நீங்களே பொண்ணா நில்லுங்க. கிழவிக்கு ஆள் இல்ல. அந்த வேஷத்தைக் கனத்த குரல் முசியே ஒருத்தருக்குக் கணக்குப்பிள்ளையா மாத்திக் குடுத்துடறேன். சாவிப் பாட்டை வெட்டிடலாம்.”

“எதை?”

“சாவிப் பாட்டை. யாருக்கும் நினைவில்லாத பாட்டுதானே. மதாம் பொந்தூ பாடும்போது பாதிப் பேர் வெளியே போய்க் கள்ளு குடிச்சுட்டு வருவாங்க.”

ஃபோவெல் போன பிறகும் ஒக்தாவி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். குடல் அடி பிடித்தது.

அந்த நாடகத்தில் பண்ணைப் பெண்ணுக்கு மூன்று பாட்டு. மூன்றும் நிலா, மூன்றும் பெருமூச்சு. கிழவிக்கு ஒரே பாட்டு. இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தை ஒவ்வொன்றாக எடுத்து, இது தானிய அறைக்கு, இது கள் நிலவறைக்கு, இது செத்துப்போன புருஷனின் பெட்டிக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன் கேளுங்கள் என்று போகும் பாட்டு. பதினைந்து வருஷமாக ஒக்தாவி அந்தப் பாட்டு நடக்கும்போது மேடையில் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்து, மோவாயில் கை வைத்து, வெகுளியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வெகுளி. உள்ளே வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கிழவி அதை மூக்கால் பாடினார். ஒரு கிழவி இரண்டாம் சாவியிலேயே கொத்தைக் கீழே போட்டுவிட்டுத் தேடினார். மதாம் பொந்தூ அதைச் சவ ஊர்வலத்துக்குப் பின்னால் நடப்பவர்போலப் பாடினார். வீட்டில், யாரும் இல்லை என்று நினைக்கும் நேரங்களில், அடுப்படிக் கரண்டிகளைச் சாவியாக வைத்துக்கொண்டு ஒக்தாவி அதை எப்படிப் பாட வேண்டுமோ அப்படிப் பாடியிருக்கிறார். இசிதோருக்கு முழுப் பாட்டும் மனப்பாடம். ஒரு தடவை மூடுபனியில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தபோது, ஒரு நார்வே கப்பல் தலைவருக்கு அதைப் பாடிக் காட்டினார். அந்த மனிதர் ஒரு வார்த்தை புரியாமலேயே பெட்டி இடத்தில் சிரித்தார்.

“அந்தப் பாட்டை வெட்டறானாம்,” என்றார் ஒக்தாவி.

இசிதோர் புகையை விட்டார்.

“கேட்டியா, வெட்டறானாம்.”

“கேட்டேன்.”

“நீ ஒண்ணுமே சொல்லமாட்டியா?”

“நான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை எழுந்து நின்னு வாயைத் திறந்தேன். அதுக்கே இன்னும் பேச்சு வாங்கிட்டிருக்கேன்.”

“நான் மட்டும் கிழவியா நின்னேன்னா ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் சொல்ல வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே சொல்லி முடிச்சிடுச்சே, என் கோழிக்குஞ்சே. புதுசா என்ன இருக்கு?”

“கோழிக்குஞ்சுன்னு கூப்பிடாதே. நான் யோசிச்சிட்டிருக்கேன்.”

அவர் இரண்டு நாள் யோசித்தார். இளமையா, வாழ்வா, கலையா என்று பெரிய விஷயங்களை எல்லாம் யோசித்ததாகப் பிற்காலத்தில் பேச்சு உண்டு. உண்மையில் அவர் யோசித்தது, மூன்றாம் சாவிக்கும் நான்காம் சாவிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் சும்மா நிற்கலாம் என்பதைத்தான். தற்பெருமையை அடக்கப் பணிவால் ஆகாது. அதைவிடப் பெரிய தற்பெருமைதான் வேண்டும். தனக்குப் பதினாறு வயது என்கிற பெருமையை, அந்தப் பாட்டை இந்தப் பூமியில் தன்னைப்போல யாரும் பாட முடியாது என்கிற பெருமை புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குள் தின்று முடித்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் கொட்டகைக்கு ஆள் அனுப்பினார். பண்ணைப் பெண் ஸிதோனி. விளம்பரத் தாளை மாற்ற வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டாம். மதாம் பொந்தூ விட்டுப்போன நரைமுடித் தொப்பியும் வேண்டாம். பிறகு இசிதோரிடம் வெந்நீர் கேட்டார். அக்ரூட் தோல் சாயம் போகத் தலையை மூன்று தண்ணீரில் அலசினார். கீழே நரை, எதிர்பார்த்ததைவிட நிறையவே, தயாராகக் காத்திருந்தது. இசிதோர் துவைத்த துணியால் துவட்டிவிட்டார்.

அன்று மூன்றாம் மாலை. கீழ்க்கூடத்தில் ஒரு குண்டூசிக்கு இடமில்லை. ஒவ்வொரு மடியிலும் ஒரு சாவி. திரை ஏறியது. பண்ணைப் பெண்ணாக ஸிதோனி வந்து நின்றதும் முணுமுணுப்பு எழுந்தது.

“துர்மெல் எங்கே?” என்றார் லெமாஷுவாவின் பக்கத்து நாற்காலி.

“ஓடியிருப்பாங்க,” என்றார் லெமாஷுவா திருப்தியாக. “இந்த வருஷம் லு ஆவ்ருக்கு எல்லாரும் ஓடறாங்க.”

அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு கிழவி வந்தாள். மற்றக் கிழவிகள்போல முதுகை வளைத்து நடுங்கி வரவில்லை. அவசரமாக வந்தாள், அடுப்பில் எதையோ விட்டுவிட்டு வந்தவள் மாதிரி. கோழிகளை அதட்டினாள். மேசையில் விரலால் தூசி தொட்டுப் பார்த்தாள். பிறகு கீழ்க்கூடத்தையும் அதேபோல வரிசை வரிசையாகப் பார்த்தாள், அங்கேயும் தூசி இருப்பதுபோல. முன்வரிசையில் இரண்டு பேர் தங்களை அறியாமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

“யார்யா இந்தக் கிழவி?” என்று கிசுகிசுத்தார் லெமாஷுவா. “ஃபோவெல் எங்கேருந்து பிடிச்சான்? இதுவல்லவா கிழவி.”

கிழவி சாவிக்கொத்தை எடுத்தாள். முதல் சாவி, தானிய அறை. இரண்டாம் சாவி, கள் நிலவறை. வெளியே போகக் கிளம்பியவர்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் சாவி வந்தபோது அவள் பாடாமல் நின்றாள். சாவியைப் பார்த்தாள். சபையைப் பார்த்தாள். மறுபடியும் சாவியைப் பார்த்து, செத்துப்போன புருஷன் எதிரே நிற்பதுபோல ஒரு பக்கமாகத் திரும்பி முறைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பக்கவாட்டு முகத்தின் மூக்கு, முழு அளவில், சுவரில் நிழலாக விழுந்தது.

லெமாஷுவா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மூக்கு அவருக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அதைப் பற்றி முதன்முதலில் பொதுமேடையில் கருத்துச் சொன்னவரே அவர்தான். சாவியை உதட்டுக்குக் கொண்டுபோனார். கடமை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குள் கிழவி புருஷனின் பெட்டியைத் திறந்து, உள்ளே என்னென்ன இருந்தன என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எட்டு ஒற்றைக் காலுறைகள், எட்டும் வேறு வேறு பெண்கள் பின்னியவை. கொட்டகை அதிர்ந்தது. லெமாஷுவாவும் அதிர்ந்தார். சாவி உதட்டிலேயே இருந்ததால், சிரித்த வேகத்தில் அதிலிருந்து மெலிதாக ஒரு ‘கீ’ எழுந்தது.

மொத்தக் கீழ்க்கூடமும் திரும்பி அவரைப் பார்த்தது.

“மூச்சு விட்டேன்,” என்றார் லெமாஷுவா, காது மடல்வரை சிவந்து. “மனுஷன் மூச்சு விடக் கூடாதா?”

கடைசி அடிகளில் கிழவி சாவிக்கொத்தைத் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டே மேடையைச் சுற்றினாள். யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு சாவி ஆடியது. பிறகு பத்து. பிறகு, விசில் அடிக்கக் கொண்டுவந்த அத்தனை இரும்பும் மணி மாதிரிக் குலுங்கின, கிடங்குச் சாவி உட்பட. தெருவில் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பெண்டாட்டிகளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

நாடகம் முடிந்ததும் கமிஷனர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“மத்மோசேல் ஒக்தாவி துர்மெல். கிழவி வேஷத்துக்கு. வைத்துக்கொள்வதா?”

பெயரைக் கேட்டதும் மேல் மாடத்தில் ஒரு ‘ஹா’ எழுந்தது. பிறகு கை தட்டல் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. கமிஷனர் தம்முடைய ஏட்டில், ‘ஏற்கப்பட்டார். எதிர்ப்பு இல்லை. ஒரு மூச்சு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மாடத்தில் இசிதோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த படகுக்காரருக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது என்று தெரியும். கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, கத்துவதற்கு முன்னால், ஒரு நியாயஸ்தனைப்போலக் கேட்டார்:

“முசியே காவ்லியே, ஆறு இப்போ எந்தப் பக்கம் ஓடுது?”

இசிதோர் கடிகாரத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“கடலைப் பார்த்து. எட்டு மணியிலேருந்து.”

“அடச்சே,” என்று படகுக்காரர் உட்கார்ந்தார்.

கீழே, திரை ஓரத்தில், ஃபோவெல் ஒரு பழுப்பு நிறச் சுருள்முடித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கிசுகிசுத்தார். “மத்மோசேல், இதைப் போட்டுக்கிட்டுப் போய் வணங்குங்க. நீங்க யாருன்னு ஜனங்க பார்க்கட்டும்.”

ஒக்தாவி அதை வாங்கினார். பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

நரைத்த தலையோடு மேடையின் நடுவுக்கு வந்து நின்றார். கை தட்டல் அடங்கியது. வாத்தியக் குழியில் அமேதே குச்சியை உயர்த்தி, வழக்கம்போல அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒக்தாவி அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பிறகு மெல்ல மண்டியிட்டார். அந்த அமைதியில் முழங்கால் சத்தம் பின்வரிசைவரை கேட்டது.